உறையில் இல்லாத பெயர்கள்: லெட் செப்பலினின் முதல் இசைத்தொகுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருளும் எல்லையும்

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் மரபிசை) ராக் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1968இல் இலண்டனில் ஒலிப்பதிவாகி, 1969 ஜனவரி 12 அன்று அமெரிக்காவிலும் அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் பிரிட்டனிலும் வெளிவந்தது. அதில் ஒன்பது பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஆறு, அந்தக் குழு உருவாவதற்கு முன்பே முழுமையாகவோ பகுதியாகவோ வேறு ஒருவரிடம் இருந்தவை. ஆனால் முதல் பதிப்பில் மூலப் படைப்பாளியின் பெயர் அச்சானது இரண்டு பாடல்களுக்கு மட்டுமே. மீதி நான்கில் இரண்டுக்குப் பெயர் வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விரண்டில் ஒன்றுக்கு நாற்பதைத் தாண்டியது. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று, அதை யார் எந்தக் கட்டத்தில் தவிர்த்திருக்கலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இசைத்தொகுப்பின் கலைத்தரம் இங்கே விவாதத்திற்கு உரியது அன்று. அது ராக் இசையின் போக்கை மாற்றிய ஆக்கங்களுள் ஒன்று என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன். நிகழ்வு ஆய்வுகளின் வழக்கப்படி, முடிவுகளை எடுத்தவர்களான குழுவினர், மேலாளர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகியோரைப் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். இவர்களுடைய பெயர்கள் உலகறிந்தவை. மறைப்பதற்காக இதைச் செய்யவில்லை. எந்தப் பொறுப்பில் இருந்தவர் எந்த முடிவை எடுத்தார் என்பதே இங்கு படிக்க வேண்டியது. பாடல்களின் மூலவர்களை மட்டும் பெயர் சொல்லியே எழுதுகிறேன். சிக்கலே அவர்களுடைய பெயர்களைப் பற்றியது என்பதால் அவற்றையும் மறைப்பது முறையாகாது.

பின்னணி

1968 ஜூலையில் யார்ட்பேர்ட்ஸ் என்ற இலண்டன் குழு கலைந்தபோது, ஸ்காண்டிநேவிய நாடுகளில் அக்குழு நிறைவேற்ற வேண்டிய நிகழ்ச்சி ஒப்பந்தங்கள் எஞ்சியிருந்தன. அதன் கடைசிக் கிட்டார் கலைஞர் அந்த ஒப்பந்தங்களை நிறைவேற்றப் புதிய குழு ஒன்றைத் திரட்டினார். அவரைப் போலவே பேஸ் கலைஞரும் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்துப் பழகியவர். பாடகரும் டிரம்ஸ் கலைஞரும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து வந்த இளைஞர்கள். ஆகஸ்டில் இலண்டனில் நால்வரும் முதன்முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் டென்மார்க்கில் மேடையேறினார்கள். அக்டோபரில் புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

முதல் இருவரின் தொழிற்பின்னணி இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முக்கியமானது. கூடத்தில் கூலிக்கு வாசிப்பவர் அன்றைய பணிக்கான கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். அவர் அந்த இடத்திலேயே உருவாக்கித் தரும் ஒரு முன்னிசை பாடலின் அடையாளமாகவே மாறிவிட்டாலும், இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் வராது, ராயல்டியும் (விற்பனைக்கேற்ப வரும் உரிமைத்தொகை) கிடைக்காது. வாசிப்பு வேறு, உரிமை வேறு என்பதை நாள்தோறும் கண்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஒரு மெட்டின் மீது யாருக்கு உரிமை என்பதை, அதை முதலில் யார் நினைத்தார் என்பதைவிட யார் பதிவு செய்தார் என்பதே தீர்மானிக்கிறது என்ற பாடத்தை அத்தொழில் அவர்களுக்குக் கற்றுத் தந்திருக்கும் என்பது என் ஊகம். இதை மன்னிப்பாகச் சொல்லவில்லை, சூழலாகச் சொல்கிறேன்.

அன்றைய பிரிட்டிஷ் ப்ளூஸ் உலகமும் இதற்கு மாறாக இல்லை. அதே 1968இல் வெளியான கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் ‘ட்ரூத்’ தொகுப்பில், பழைய ப்ளூஸ் பாடல்களைத் திருத்திய வடிவங்கள் சில ‘ஜெஃப்ரி ராட்’ என்ற கற்பனைப் பெயரில் இடம்பெற்றன. அது பெக், அவருடைய பாடகர் ஆகிய இருவரின் முதற்பெயர்களையும் ஒட்டி உருவாக்கிய பெயர். அந்த ஆண்டின் இறுதியில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெக்கர்ஸ் பாங்க்வெட்’ தொகுப்பில் ராபர்ட் வில்கின்ஸின் பாடல் ஒன்று முதலில் குழுவினரின் சொந்தப் படைப்பாகவே அச்சாகி, பின்னர் திருத்தப்பட்டது. எல்லோரும் அப்படியே நடந்துகொண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1966 டிசம்பரில் வந்த கிரீம் குழுவின் முதல் தொகுப்பு, மிசிசிப்பியின் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவு செய்த ‘ஐம் சோ கிளாட்’ பாடலை அவர் பெயரிலேயே வெளியிட்டது. ஜேம்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், புற்றுநோயால் அவதிப்பட்டார். 1969 அக்டோபரில் அவர் இறப்பதற்கு முன்பான காலத்தில், அந்த ஒரு வரி அச்சால் வந்த ராயல்டி அவருடைய மருத்துவச் செலவுக்கு உதவியது. ஆகவே சரியான வழி எது என்பது 1968இல் எவருக்கும் தெரியாத செய்தியன்று.

பெயர் எப்படிப் பணமாகிறது

உறையில் பாடலின் கீழ் அடைப்புக்குறிக்குள் வரும் பெயரை மரியாதைக்கான குறிப்பாக மட்டும் எண்ணும் வாசகர்கள் உண்டு. நடைமுறையில் அது ஒரு கணக்குத் தலைப்பு. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விதித்த வீதம், ஒரு பாடலுக்கு விற்பனையாகும் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு சென்ட். இது 1978 வரை மாறவில்லை. முழு வீதமும் கொடுக்கப்பட்டால், பத்து இலட்சம் தட்டுகள் விற்றால் ஒரு பாடலுக்கு 20,000 டாலர். அதில் வழக்கமாகப் பாதி பதிப்பாளருக்கும் (பாடலின் உரிமையை நிர்வகிக்கும் நிறுவனம்) பாதி எழுதியவருக்கும் போகும். வானொலி ஒலிபரப்புக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் தனிக் கணக்குகள் உண்டு.

இரண்டு நிமிடங்களைச் சற்றே தாண்டும் ஒரு கிட்டார் துண்டுக்கும் எட்டரை நிமிடப் பாடலுக்கும் அன்று அதே இரண்டு சென்ட்தான். எனவே பாடலின் நீளமோ அதில் உள்ள புதுமையின் அளவோ கணக்கைத் தொடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் யார் பெயர் என்பதே தொடும். ‘மரபுப் பாடல்’ என்று குறித்தால் எழுதியவர் என எவரும் இல்லை என்றாகிறது. அப்போது ‘இசையமைப்பு ஒழுங்கு’ செய்தவரின், அதாவது பழைய பாடலை வாசிப்புக்கேற்ப அமைத்தவரின், பெயருக்கே தொகை போய்ச் சேர்கிறது. பணிவாகத் தோன்றும் அந்தச் சொல் பல வேளைகளில் பணிவுக்கு நேர்மாறான வேலையைச் செய்திருக்கிறது.

ஒலிப்பதிவும் அதன் வேகமும்

ஸ்காண்டிநேவியப் பயணம் முடிந்தவுடன், 1968 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலுமாக, மேற்கு இலண்டனின் பார்ன்ஸ் பகுதியில் இருந்த ஒலிம்பிக் கூடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. மொத்தம் ஏறக்குறைய 36 மணி நேரமே ஆனதாகவும் உறை ஓவியச் செலவையும் சேர்த்து 1,782 பவுண்டே செலவானதாகவும் கிட்டார் கலைஞர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரே தயாரிப்பாளர். நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. அவரும் மேலாளரும் கையிலிருந்து பணம் போட்டார்கள். இந்த முடிவுக்குக் காரணம் தெளிவானது. பணம் கொடுக்கும் நிறுவனம் பாடல் தேர்விலும் ஒலியிலும் உறையிலும் தலையிடும் என்பதை யார்ட்பேர்ட்ஸ் காலத்தில் அவர் அனுபவித்திருந்தார். முடிந்த ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பேரம் பேசினால் அந்தத் தலையீடு இராது. நவம்பரில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரு புதிய குழு அதுவரை கண்டிராத பெரிய முன்பணத்தையும் முழுக் கட்டுப்பாட்டையும் தந்தது. வணிக அளவில் இது சிறந்த முடிவு.

ஆனால் இரண்டு பின்விளைவுகள் இருந்தன. மணிக்கணக்கில் வாடகை ஓடும் கூடத்தில் சொந்தப் பணத்தைச் செலவிடுபவர்கள், மேடையில் ஏற்கெனவே கைவந்த பாடல்களையே பதிவு செய்வார்கள். புதிதாக எழுத உட்காரமாட்டார்கள். ஒரு மாதமே ஆன குழுவின் மேடைப் பாடல்கள் இயல்பாகவே பிறருடையவை. இரண்டாவதாக, வெளியார் எவரும் கேள்வி கேட்காத ஏற்பாட்டில், பாடல் உரிமைப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பும் எவருக்கும் இல்லாமல் போயிற்று. பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் அக்காலத்தில் இதில் பெரிதாக அக்கறை காட்டியதாகச் சொல்ல முடியாது; ஆயினும் கேட்கக்கூடிய ஒரு மேசையாவது இருந்திருக்கும்.

முதல் பதிப்பில் காணப்பட்டவை

‘யூ ஷுக் மீ’, ‘ஐ கான்ட் க்விட் யூ பேபி’ ஆகிய இரண்டும் சிகாகோவின் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் பெயரில் முறையாக அச்சாயின. முதலாவது 1962இல் மடி வாட்டர்ஸின் குரலில் வந்தது. இரண்டாவது 1956இல் ஓட்டிஸ் ரஷ் பாடியது. இரண்டும் அமெரிக்கச் சந்தையில் அறியப்பட்ட பாடல்கள். அவற்றுக்குப் பதிப்பாளர்கள் இருந்தார்கள். ‘யூ ஷுக் மீ’ சில மாதங்களுக்கு முன்புதான் ஜெஃப் பெக்கின் தொகுப்பில் வந்திருந்தது. அந்தப் பதிவில் ஆர்கன் வாசித்தவர் இந்தக் குழுவின் பேஸ் கலைஞரே. இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்றில் பெயரை விடுவதற்கு வழியில்லை.

‘பேப் ஐம் கோனா லீவ் யூ’ என்ற பாடலுக்கு ‘மரபுப் பாடல்’ என்று குறிக்கப்பட்டு, ஒழுங்கு செய்தவராகக் கிட்டார் கலைஞரின் பெயர் மட்டும் இடம்பெற்றது. அவர் இதை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸின் 1962ஆம் ஆண்டு மேடைப் பதிவிலிருந்து அறிந்திருந்தார். அந்தத் தட்டின் முதல் பதிப்பிலும் எழுதியவர் பெயர் இல்லை. உண்மையில் இது 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாணவியாக இருந்த ஆன் பிரெடன் எழுதியது. அவர் உள்ளூர் வானொலியில் பாடியதைக் கேட்டு மற்றொரு பாடகி கற்றார். அவர் ஒரு கல்லூரியில் பாடியதைப் பயஸ் கேட்டார். மூன்று வாய்கள் மாறியதும் பத்து வயதுகூட நிரம்பாத பாடல் ‘மரபு’ ஆகிவிட்டது.

‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ கிட்டார் கலைஞரின் தனிப் படைப்பாக அச்சானது. இந்த நிகழ்வின் மையம் இதுவே. 1967 ஆகஸ்டில் நியூயார்க்கின் வில்லேஜ் தியேட்டரில் யார்ட்பேர்ட்ஸ் வாசித்தபோது, அவர்களுக்கு முன் மேடையேறியவர் ஜேக் ஹோம்ஸ் என்ற பாடகர். அவர் இதே தலைப்பில், இதே போல் படிப்படியாக இறங்கும் பேஸ் வரிசையோடு ஒரு பாடலைப் பாடினார். அது அவ்வாண்டு வெளியான அவருடைய முதல் தொகுப்பில் உள்ளது. மறுநாளே கடைக்குப் போய் அந்தத் தட்டை வாங்கியதாக யார்ட்பேர்ட்ஸின் டிரம்ஸ் கலைஞர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அக்குழு அப்பாடலைத் தன் பாணியில் மேடைகளில் வாசிக்கத் தொடங்கியது. ஓராண்டு கழித்துப் புதிய குழு அதைப் பதிவு செய்தபோது வரிகள் பெரும்பாலும் மாறியிருந்தன. வயலின் வில்லால் கிட்டாரை இழைக்கும் நீண்ட நடுப்பகுதி சேர்ந்திருந்தது. அந்த நடுப்பகுதி ஹோம்ஸிடம் இல்லை, அது முழுக்கக் கிட்டார் கலைஞருடையது என்பதை எவரும் மறுக்க முடியாது. தலைப்பும் பேஸ் வரிசையும் பாடலின் மனநிலையும் ஹோம்ஸுடையவை என்பதையும் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்ட எவரும் மறுக்க முடியாது.

‘பிளாக் மவுன்டன் சைட்’ என்ற கிட்டார் துண்டும் அவர் பெயரில் வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த பெர்ட் ஜான்ஷ் 1966இல் தம் ‘ஜாக் ஓரியன்’ தொகுப்பில் வாசித்த ‘பிளாக்வாட்டர்சைட்’ பாடலின் கிட்டார் பின்னணியோடு இது மிக நெருக்கமானது. அந்தப் பாடல் உண்மையிலேயே நாட்டுப்புறப் பாடல். ஜான்ஷ் அதை ஆன் பிரிக்ஸ் என்ற பாடகியிடம் கற்றார். பாடல் பொதுச்சொத்து, ஆனால் அதற்கு அமைத்த கிட்டார் நடை ஒருவருடையது என்ற நுட்பமான நிலை இது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்துண்டில் தபலா வாசித்த விராம் ஜசானியின் பெயர் உறையில் தெளிவாக உள்ளது. கூடத்துக்கு நேரில் வந்து வாசித்தவருக்குப் பெயர் கிடைத்தது. தட்டில் கேட்டவருக்குக் கிடைக்கவில்லை.

கடைசிப் பாடலான ‘ஹவ் மெனி மோர் டைம்ஸ்’ குழுவின் மூவர் பெயரில் வந்தது. ஹவ்லின் வுல்ஃப் என்று அறியப்பட்ட செஸ்டர் பர்னெட் 1951இல் பதிவு செய்த ‘ஹவ் மெனி மோர் இயர்ஸ்’ பாடலின் சாயல் தலைப்பிலேயே தெரிகிறது. இடையில் ஆல்பர்ட் கிங் பாடிப் புகழ்பெற்ற ‘தி ஹன்டர்’ பாடலின் வரிகளும் வருகின்றன. எட்டரை நிமிடம் ஓடும் இப்பாடலின் நேரம் உறையில் மூன்றரை நிமிடம் என்று அச்சிடப்பட்டது. நீளமான பாடல்களைத் தவிர்க்கும் வானொலிகளை ஏமாற்றுவதற்கான தந்திரம் அது. பெயர் விவகாரத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், அந்த உறையைத் தயாரித்தவர்கள் அதை ஓர் ஆவணமாகக் கருதவில்லை என்பதை இது காட்டிவிடுகிறது.

குழுவுக்குள்ளேயும் ஒரு பெயர் விடுபட்டது. பாடகர் எந்தப் பாடலிலும் எழுதியவராகக் குறிக்கப்படவில்லை. வேறொரு நிறுவனத்தோடு அவருக்கு இருந்த பழைய ஒப்பந்தமே காரணமாகக் கூறப்படுகிறது.

முடிவுகளும் அவற்றின் காரணமும்

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்தால் ஒரு கோடு புலப்படுகிறது. அறியாமை என்ற ஒரே விளக்கம் பிரெடனுக்குப் பொருந்தும், ஹோம்ஸுக்குப் பொருந்தாது. கெட்ட எண்ணம் என்ற ஒரே விளக்கம் ஹோம்ஸுக்குப் பொருந்துவதாகத் தோன்றினாலும், டிக்சன் பெயர் இருமுறை முறையாக அச்சானதை அது விளக்காது. உரிமை கோரி உடனே கதவைத் தட்டக்கூடிய ஒருவர் இருந்த இடத்தில் பெயர் அச்சாயிற்று. கேட்க ஆள் இல்லை என்று தோன்றிய இடத்தில் விடுபட்டது. இதுவே என் முடிபு. இதற்கு விலக்காக நிற்பது ஹவ்லின் வுல்ஃப் பாடல். அவருடைய பாடல்களுக்கும் சிகாகோவில் பதிப்பாளர் இருந்தும் அங்கே பெயர் வரவில்லை. அங்கே கடன் சில வரிகளாகவும் ஒரு தாளமாகவும் சிதறி இருந்ததால் ‘இது நம்முடையதே’ என்று நம்புவது எளிதாக இருந்திருக்கலாம்.

ப்ளூஸ் மரபே கடன் வாங்கி வளர்ந்தது, வரிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நடந்தே போனவை என்ற வாதம் வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. அந்த வாதம் உண்மை. டிக்சனும் வுல்ஃபும்கூடத் தங்களுக்கு முன்பிருந்தவர்களிடமிருந்து எடுத்தவர்கள்தாம். ஆனால் மிசிசிப்பியிலோ சிகாகோவிலோ அந்தப் பரிமாற்றம் ஏறக்குறைய ஒரே வருமான நிலையில் இருந்தவர்களிடையே நடந்தது. அமெரிக்காவில் மட்டும் எண்பது இலட்சம் பிரதிகள் அளவுக்குச் சான்றிதழ் பெற்ற ஒரு தொகுப்புக்கு அதே வாதத்தை நீட்டுவது, ஊர்ப் பொதுக்கிணற்றில் குடம் நிரப்பும் உரிமையைக் காட்டித் தண்ணீர் ஆலை வைப்பதைப் போன்றது. மேலும் ஹோம்ஸ் ப்ளூஸ்காரர் அல்லர். நியூயார்க்கில் வாழ்ந்த, தட்டு வெளியிட்ட, முகவரி உள்ள பாடலாசிரியர். மரபு வாதம் அவரிடம் செல்லாது.

தொடர்ந்து நிகழ்ந்தவை

தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் பத்தாம் இடத்தையும் பிரிட்டனில் ஆறாம் இடத்தையும் எட்டியது. விமர்சகர்கள் சிலர் கடுமையாக எழுதினாலும் விற்பனை அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் தொகுப்பு எந்த எதிர்ப்பையும் சந்திக்காததால் அதே நடைமுறை 1969 அக்டோபரில் வந்த இரண்டாவது தொகுப்பிலும் தொடர்ந்தது. இந்த முறை கதவு தட்டப்பட்டது. டிக்சன், வுல்ஃப் ஆகியோரின் பாடல்களுக்கு உரிமை வைத்திருந்த ஆர்க் மியூசிக் பதிப்பகம், ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ குறித்து 1972இல் வழக்குத் தொடுத்தது. அது சமரசத்தில் முடிந்தது. ‘தி லெமன் சாங்’ பாடலில் வுல்ஃபின் ‘கில்லிங் ஃப்ளோர்’ இருப்பது ஏற்கப்பட்டு, அவருடைய இயற்பெயர் சேர்ந்தது. மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ‘யூ நீட் லவ்’ பாடலின் வரிகள் ‘ஹோல் லொட்டா லவ்’ பாடலில் உள்ளன என்று டிக்சனே 1985இல் வழக்காடினார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு காணப்பட்டு, அவர் பெயர் அச்சேறியது. முதல் தொகுப்பில் யாருடைய பெயரை முறையாக அச்சிட்டார்களோ அவரே இரண்டாவது தொகுப்புக்காக நீதிமன்றம் போக நேர்ந்தது.

ஆன் பிரெடனுக்குத் தம் பாடல் உலகெங்கும் ஒலிக்கிறது என்பதே 1980களில்தான் தெரியவந்தது. அவர் ராக் இசை கேட்பவர் அல்லர். உரிமை கோரப்பட்டதும் இது பெரிய மோதலின்றித் தீர்ந்தது. 1990 முதல் பாடல் அவர் பெயரிலும் கிட்டார் கலைஞர், பாடகர் ஆகியோர் பெயர்களிலும் வருகிறது. நிலுவை ராயல்டியும் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

ஜேக் ஹோம்ஸின் வழி நீண்டது. தம் பாடல் எடுத்தாளப்பட்டது அவருக்கு முன்பே தெரியும். தொடக்கத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும், 1980களின் தொடக்கத்தில் பெயரும் ஓரளவு பங்கும் கேட்டுக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை என்றும் அவர் கூறியிருக்கிறார். இதற்கிடையே விளம்பரப் பாடல்கள் எழுதித் தம் வாழ்க்கையை அவர் நன்றாகவே அமைத்துக்கொண்டார். 2010 ஜூனில் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை மீறலுக்கான உரிமையியல் (சிவில்) வழக்கில் மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. ஒவ்வொரு புதிய வெளியீடும் ஒரு புதிய மீறல் என்பதால் பழைய பாடலுக்கும் வழக்குப் போடலாம், ஆனால் அன்றைய நடைமுறையில் பின்னோக்கிப் பெறும் தொகை பொதுவாக அண்மைய மூன்றாண்டுகளுக்கு உட்பட்டிருந்தது. நாற்பதாண்டுக் காலத்தில் பெரும்பகுதி இப்படிக் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. 2012 ஜனவரியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு வழக்கை முடித்தன, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த ‘செலிப்ரேஷன் டே’ மேடைப் பதிவிலும், 2014இல் மறுபதிப்பான முதல் தொகுப்பிலும், கிட்டார் கலைஞரின் பெயருக்குப் பின் ‘ஜேக் ஹோம்ஸின் தூண்டுதலால்’ என்ற குறிப்பு இடம்பெற்றது. எழுதியவர்களில் ஒருவராக அவரை அது ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லாட்சி வழக்கறிஞர்கள் அமர்ந்து செதுக்கியது போலத் தெரிகிறது. அப்படியே இருந்தாலும் வியப்பில்லை.

ஜான்ஷ் விஷயத்தில் வழக்கு எதுவும் நடக்கவில்லை. அவருடைய நிறுவனம் அதை யோசித்துப் பார்த்தது. மூலப் பாடல் நாட்டுப்புற மரபைச் சேர்ந்தது என்பதும் வழக்குச் செலவும் தடையாக இருந்தன.

இத்தனை சமரசங்களும் சேர்ந்து குழுவின் பெயரோடு ஒரு சந்தேகத்தை நிரந்தரமாக ஒட்டிவிட்டன. 2014இல் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாடலின் தொடக்கத்தைக் குறித்து வேறொரு குழுவின் மறைந்த கிட்டார் கலைஞர் சார்பில் வழக்கு வந்தபோது, பழைய நிகழ்வுகள் பொதுவெளியில் மீண்டும் மீண்டும் பேசப்பட்டன. அந்த வழக்கில் 2016இல் நடுவர் குழுவும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வும் லெட் செப்பலினுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தன. குற்றமற்றது என்று தீர்ப்பான பாடலுக்கும் ஆறாண்டுகள் வழக்காட நேர்ந்ததில், 1968இன் அடைப்புக்குறிகளுக்கும் ஒரு பங்கு இருந்தது என்றே கருதுகிறேன்.

மாறியிருக்க வேண்டியவை

முதலாவது மாற்றம் கூடத்திலேயே நிகழ்ந்திருக்கலாம். ஒலிநாடாப் பெட்டியின் மேல் ஒவ்வொரு பாடலின் பெயரும் எத்தனையாவது முயற்சி என்பதும் எழுதப்படுவது வழக்கம். அதே தாளில் ‘இதை எங்கே கேட்டோம்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கப் பணமோ நேரமோ தேவையில்லை. நினைவு புதிதாக இருக்கும்போது எழுதப்படாத மூலம், ஆண்டுகள் கழித்துச் சொந்த நினைவாகவே உருமாறிவிடும். 36 மணி நேரத்தில் முடிந்த ஒலிப்பதிவுக்கும் உறை அச்சாவதற்கும் இடையே இரண்டு மாதங்கள் இருந்தன. அவசரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாததற்கு அந்த இரண்டு மாதங்களே சான்று.

‘மரபுப் பாடல்’ என்ற குறிப்பை, தேடிப் பார்த்த பிறகு எட்டும் முடிவாக மட்டுமே பயன்படுத்தியிருக்க வேண்டும். பயஸின் நிறுவனத்துக்கோ ஒரு நாட்டுப்புற இசைச் சங்கத்துக்கோ அனுப்பும் ஒரு கடிதம் பிரெடனைக் கண்டுபிடித்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அனுப்பியிருந்தால் 1990இல் குழுவின் நிலை இன்னும் கௌரவமாக இருந்திருக்கும்.

ஹோம்ஸின் கடிதத்துக்குப் பதில் எழுதாததே இந்த நிகழ்வில் மிகப் பெரிய விலை கொடுக்க வைத்த முடிவு என்பது என் மதிப்பீடு. 1980களில் அவர் கேட்டது முழு உரிமையை அன்று. 1968இல் கூட்டு உரிமை வழங்கியிருந்தால் கிட்டார் கலைஞர் இழந்திருக்கக்கூடியது ஒரு பாடலின் ராயல்டியில் பாதி. அந்தப் பாடலை மேடையில் இருபது நிமிடங்களுக்கு மேல் விரித்து வாசித்துத் தம்முடையதாக ஆக்கிக்கொண்ட பெருமை அதனால் ஒரு துளியும் குறைந்திராது. நாட்டுப்புறக் கிட்டார் நடையைப் பொறுத்தவரை, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நன்றிக் குறிப்பு ஒன்று போதுமானது. தபலாக் கலைஞருக்கு ஒரு வரி ஒதுக்கிய உறையில் ஜான்ஷுக்கும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

இந்த மாற்றங்கள் எதுவும் தீர்க்காத ஒரு நேர்வும் உண்டு. முறையாகப் பெயர் அச்சான ‘யூ ஷுக் மீ’ பாடலில், முதலில் டிக்சன் மட்டும் இருந்த இடத்தில் பின்னர் ப்ளூஸ் கலைஞர் ஜே. பி. லெனோரின் பெயரும் சேர்ந்தது. அவர் 1967இலேயே இறந்துவிட்டார். ஆனால் மடி வாட்டர்ஸின் 1962ஆம் ஆண்டுப் பதிவு புதிதாக வாசிக்கப்பட்டதே அன்று. ஏர்ல் ஹூக்கர் என்ற சிகாகோ கிட்டார் கலைஞர் அதற்கு முந்தைய ஆண்டு பதிவு செய்த ‘ப்ளூ கிட்டார்’ என்ற இசைத்துண்டை ஓடவிட்டு, அதன் மேல் குரலை மட்டும் ஏற்றினார்கள். இலண்டனில் குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று பின்தொடரும் அந்த மெட்டு ஹூக்கரின் விரல்களில் பிறந்தது. 1970இல் இறந்த அவருடைய பெயர் அந்தப் பாடலின் அடைப்புக்குறிக்குள் எந்தப் பதிப்பிலும் இல்லை. லெட் செப்பலின் குழுவினர் அதை விடவில்லை, அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே சிகாகோவில் அது விடுபட்டிருந்தது.